பல் ஆஸ்பத்திரி போர்டில் சிரிக்கும் அந்தப் பெண்மணி யார்?

உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரி இருக்கும். அதன் போர்டில், முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியும் இருப்பார். அவர் அந்த ஆஸ்பத்திரிக்கு ஒருநாளும் வந்ததில்லை. கம்ப்யூட்டர் சென்டர் பேனரில் ஹெட்போன் மாட்டிச் சிரிப்பவரும், இன்ஷூரன்ஸ் நோட்டீஸில் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடும் அப்பாவும் அவருக்குச் சொந்தக்காரர்கள்தான். எல்லோரும் ‘ஸ்டாக் போட்டோ’ குடும்பம்.

ஸ்டாக் போட்டோ என்பது ரெடிமேட் சட்டை மாதிரி. யாரோ, யாருக்கு என்று தெரியாமல் எடுத்து இணையக் கடையில் வைத்த படம். காசு கட்டினால் உங்கள் விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். விற்ற காசில் ஒரு பங்கு எடுத்தவருக்குப் போகும்.

இந்த வாரம் அந்தக் கடையைப் பற்றிப் பேசலாம். ‘மொபைலில் எடுத்த போட்டோவை அப்லோடு பண்ணுங்க, வீட்டிலிருந்தே டாலரில் சம்பாதிங்க’ என்ற ரீல்ஸ் உங்களுக்கும் வந்திருக்கும். அது பொய் இல்லை. ஆனால், பாதியைத்தான் சொல்கிறார்கள்.

கதை கனடாவில் ஆரம்பிக்கிறது. கால்கரி நகரத்துக்காரரான புரூஸ் லிவிங்ஸ்டன், 2000-ம் ஆண்டு ‘ஐஸ்டாக்போட்டோ’ என்ற தளத்தைத் தொடங்கித் தன்னுடைய படங்களை இலவசமாகவே வைத்தார். மற்றவர்களும் தங்கள் படங்களைக் கொண்டுவந்து போட்டார்கள். பிறகு, செலவைச் சமாளிக்கச் சில்லறைக் காசுக்கு விற்க ஆரம்பித்தார்கள். அதுவரை விளம்பரத்துக்கு ஒரு படம் வேண்டுமென்றால் ஏஜென்சிகள் நூற்றுக்கணக்கான டாலர் கேட்டுக்கொண்டிருந்தன. சும்மா இருப்பார்களா? 2006-ல் பெரிய ஏஜென்சியான கெட்டி இமேஜஸ், 5 கோடி டாலர் கொடுத்து ஐஸ்டாக்கை வாங்கிவிட்டது. இடையில் 2003-ல் நியூயார்க்கில் ஜான் ஓரிங்கர் என்பவர், தானே எடுத்த சுமார் 30,000 படங்களுடன் ‘ஷட்டர்ஸ்டாக்’ தொடங்கினார். அங்கே மாதச் சந்தா முறை; மெஸ் டோக்கன் மாதிரி.

யார் வேண்டுமானாலும் படம் போடலாம் என்றால் குப்பை சேருமே? அதற்காகத்தான் வாசலில் ஆள் வைத்தார்கள். வரும் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்து, ஃபோகஸ் சரியில்லை, புள்ளி புள்ளியாக இருக்கிறது, சட்டையில் கம்பெனி லோகோ தெரிகிறது என்று திருப்பி அனுப்புவார்கள். ஒரு காலத்தில் ஷட்டர்ஸ்டாக்கில் புதிதாகச் சேர 10 படம் அனுப்ப வேண்டும். அதில் 7 தேறினால்தான் உள்ளே விடுவார்கள். பலர் மூன்று நான்கு முறை எழுதித் தேறிய பரீட்சை அது.

இந்தக் கெடுபிடியால் படங்கள் பளிச்சென்று ஆனது உண்மை. ஆனால், பளிச்சென்று இருந்த எல்லாமே ஒன்றுபோல் இருந்தன. வாசலில் நிற்பவரால் மங்கலான படத்தைப் பிடிக்க முடியும். ‘இதையே ஏற்கெனவே ஆயிரம் பேர் எடுத்துவிட்டார்கள்’ என்று திருப்பி அனுப்புவது அவ்வளவு சுலபமில்லை. அந்த ஆயிரமும் விற்றிருக்குமே!

தளத்தில் தேடினால், அதிகம் விற்ற படங்கள் மேலே வந்து நிற்கும். படம் எடுப்பவரும் அதைத்தான் பார்ப்பார். கைகுலுக்கும் கோட்டுக்காரர்கள் விற்கிறார்களா? நாமும் இரண்டு கோட்டு வாங்குவோம். கையைக் கட்டி நிற்கும் டாக்டர் விற்கிறாரா? வாடகைக்கு ஒரு ஸ்டெதாஸ்கோப். 2011-ல் அமெரிக்க இணையப் பத்திரிகை ஒன்று, தனியாக உட்கார்ந்து சாலட் கிண்ணத்தைப் பார்த்துச் சிரிக்கும் பெண்களின் ஸ்டாக் படங்களை மட்டும் வரிசையாக வெளியிட்டது. உலகமே சிரித்தது. வெள்ளரிக்காயில் அப்படி என்ன ஜோக் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

காசு விஷயத்துக்கு வருவோம். 2020 ஜூனில் ஷட்டர்ஸ்டாக், பணம் கொடுக்கும் முறையை மாற்றியது. ஒரு படம் டவுன்லோடு ஆனால் குறைந்தபட்சம் 10 சென்ட். நம்மூர் டீக்கடையில் ஒரு டீக்குக்கூடக் காணாது. விற்பனை கூடக்கூடப் பங்கு 15 சதவிகிதத்திலிருந்து 40 சதவிகிதம் வரை ஏறும். ஆனால், ஜனவரி 1 வந்தால் எல்லோரும் மறுபடி முதல் படிக்கட்டுக்கு! பல வருடம் உழைத்தவர்கள் கொதித்துப்போய்த் தங்கள் படங்களை விற்பனையிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஒரு நல்ல ஐடியாவுக்காக இரண்டு நாள் அலைந்து, ஆள் பிடித்து, வெளிச்சத்துக்குக் காத்திருந்து எடுத்த படத்துக்கும் 10 சென்ட். மேஜைமேல் தக்காளியை வைத்து ஐந்து நிமிடத்தில் எடுத்த படத்துக்கும் 10 சென்ட். புத்திசாலி என்ன செய்வார்? தக்காளியை இந்தப் பக்கம் நாற்பது, அந்தப் பக்கம் நாற்பது எடுப்பார். ‘ஒரே மாதிரிப் படங்களை அனுப்பாதீர்கள்’ என்று தளங்கள் இப்போது திருப்பி அனுப்புகின்றன. தக்காளியை எடுக்க வைத்ததும் அவர்கள் வகுத்த கணக்குதான்.

நம் ஊர் பால் சொசைட்டியில் இது எப்போதோ தெரிந்துகொண்ட பாடம். கொழுப்புச் சத்தை அளந்து பார்த்துத்தான் ரேட் போடுவார்கள். லிட்டரை மட்டும் அளந்தால் கறவை மாட்டைவிடக் கிணறு அதிகம் கறக்கும்!

புகைப்படக் கடையில் கொழுப்பு பார்த்துக் காசு கொடுக்க முடியுமா? முயற்சி செய்தவரும் அதே லிவிங்ஸ்டன்தான். ஐஸ்டாக்கை விட்டு வெளியே வந்தவர், பழைய கூட்டாளிகளுடன் சேர்ந்து 2013-ல் ‘ஸ்டாக்ஸி’ என்ற கடையைத் திறந்தார். அதுவும் கனடாதான், விக்டோரியா நகரம். இது ஒரு கூட்டுறவுச் சங்கம். படம் எடுப்பவர்களே பங்குதாரர்கள். சாதாரண விற்பனையில் 50 சதவிகிதம், விரிவான உரிமத்தில் 75 சதவிகிதம் எடுத்தவருக்கு. லாபம் வந்தால் அதிலும் பங்கு. பதிலுக்கு இரண்டு நிபந்தனைகள். அங்கே கொடுக்கும் படத்தை வேறு எங்கும் விற்கக்கூடாது. கண்டவர் எல்லாம் சேர முடியாது. உறுப்பினர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஒரு படம் கூர்மையாக இருக்கிறதா என்பதோடு, எடுத்தவருக்கு என்று ஒரு பார்வை இருக்கிறதா என்றும் பார்த்துத்தான் சேர்க்கிறார்கள்.

எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. கதவை இப்படிச் சாத்தினால், கம்பத்திலோ கரூரிலோ பழைய கேமராவோடு பழகிக்கொண்டிருக்கும் பிள்ளை எங்கே போவது? விலையும் அதிகம், பல் ஆஸ்பத்திரி போர்டுக்குக் கட்டுப்படியாகாது. இருந்தாலும், ஒரே தக்காளியை எண்பது தடவை எடுக்கும் ஆசையை அந்த ஏற்பாடு போக்கிவிடுகிறது. அதை வேறு யாரும் இவ்வளவு நன்றாகச் செய்யவில்லை.

பெரிய கடைகளால் முடியாதது என்றும் இல்லை. கெட்டி இமேஜஸில் ‘பெண்’ என்று தேடுபவர்கள் 2007-ல் அதிகம் வாங்கியது, துண்டு மட்டும் போர்த்திப் படுக்கையில் கிடக்கும் ஒரு பெண்ணின் படம். பத்து வருடம் கழித்து, 2017-ல் அதே தேடலில் முதலிடம் பிடித்தது, கனடாவின் பான்ஃப் மலைப்பாதையில் தன்னந்தனியாக நடந்துபோகும் ஒரு பெண்! நடுவில் 2014-ல், பெண்களை இயல்பாகக் காட்டும் படங்களை ‘லீன் இன்’ அமைப்புடன் சேர்ந்து தேர்ந்தெடுத்துத் தனித் தொகுப்பாகவே கெட்டி கடை பரப்பியது. காலமும் மாறியிருந்தது. கண்ணில் படும்படி வைத்தால் வேறு மாதிரியும் விற்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது புதுத் தலைவலி, ஏஐ. 2022 செப்டம்பரில் கெட்டி ‘ஏஐ படங்கள் வேண்டாம்’ என்று கதவைச் சாத்தியது. அடுத்த மாதமே ஷட்டர்ஸ்டாக், ஓப்பன்ஏஐ நிறுவனத்துடன் கைகோத்தது. டிசம்பரில் அடோபி ஸ்டாக், ‘ஏஐ என்று லேபிள் ஒட்டினால் விற்கலாம்’ என்றது. அதன் விளைவு அடுத்த வருடமே தெரிந்தது. 2023-ல் காஸா போரின்போது, அடோபி ஸ்டாக்கில் இருந்த ஏஐ குண்டுவெடிப்புப் படங்களைச் சில இணையதளங்கள், ஏஐ என்று சொல்லாமலேயே செய்திகளில் போட்டன. நிஜச் சம்பவம் என்று நினைக்க வைக்கும் தலைப்பை ஏஐ படத்துக்கு வைக்கக்கூடாது என்று அதன் பிறகு விதி வந்தது. கடையில் லேபிள் இருந்தது. ஊருக்குள் வரும்போது உதிர்ந்துவிட்டது. நீங்கள் அங்கே படம் வாங்குபவர் என்றால், ஏஐ படங்களை விலக்கிக் காட்டும் வசதியைத் தட்டிவிட்டுத் தேடுங்கள்.

விற்க நினைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது மீதி இருக்கிறது. முதலில், சூரிய அஸ்தமனம், ரோஜாப்பூ, காபி கப் மூன்றையும் மறந்துவிடுங்கள். ‘பொங்கல்’ என்று தேடிப் பாருங்கள். கம்ப்யூட்டரில் வரைந்த கரும்பும் பானையும் வண்டி வண்டியாக வரும். அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பானை கிளறும் பாட்டியைக் காண்பது அபூர்வம். இந்திய முகங்களுக்காகவே டெல்லியில் ‘இமேஜஸ்பஜார்’ 2006-லிருந்து இருக்கிறது; அதிலும் ஸ்டூடியோ வெளிச்சமும் இஸ்திரி போட்ட குர்தாவும்தான் அதிகம். ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து பாடம் படிக்கும் மாணவி, மொபைலில் மகனிடம் பேசும் தாத்தா, சத்துணவுக்கூடம், தறி, உப்பளம் இதெல்லாம் உங்கள் வாசலில் இருக்கிறது. நியூயார்க்காரர் விமானம் ஏறி வந்தாலும் அவருக்குக் கிடைக்காது.

படம் குறைந்தது 4 மெகாபிக்ஸல் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கிய காப்பியைப் போடாதீர்கள். நாற்பது ஐம்பது தேடுசொல் எழுத இடம் கொடுக்கிறார்களே என்று சம்பந்தமில்லாததை அடைக்க வேண்டாம். அடோபியில் முதல் பத்துச் சொற்களுக்குத்தான் மவுசு. முதல் வருடம் பெரிய வருமானம் எதிர்பார்க்காதீர்கள். ‘கோர்ஸ் சேருங்கள், முன்பணம் கட்டுங்கள்’ என்று எவராவது கேட்டால் அப்படியே பிளாக் செய்யுங்கள். இந்தப் பெரிய தளங்களில் படம் விற்க யாரும் உங்களிடம் சேர்க்கைக் கட்டணம் வாங்குவதில்லை.

முகம் அடையாளம் தெரியும்படி இருந்தால், விளம்பரத்துக்கு விற்க அந்த நபரின் சம்மதக் கையெழுத்து வேண்டும். ‘மாடல் ரிலீஸ்’ என்பார்கள். சின்னப் பிள்ளை என்றால் அப்பாவோ அம்மாவோ போட வேண்டும். உங்கள் முகத்தை நீங்களே எடுத்து விற்றாலும் உங்களுக்கு நீங்களே கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும். பானை கிளறும் பாட்டியிடமும் முதலில் விஷயத்தைச் சொல்லுங்கள். நாளை எந்த ஊர் மிக்ஸி விளம்பரத்தில் அவர் சிரிப்பார் என்று உங்களுக்கும் தெரியாது, பாட்டிக்கும் தெரியாது.