குடலுக்குள் தீட்டு ஏது?

ராஜபாளையத்துப் பஞ்சாலைத் தொழிலாளியானாலும் சரி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா வியாபாரியானாலும் சரி, நுரையீரலில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னவுடன் வீட்டார் முதலில் புரட்டுவது ஜாதகத்தைத்தான். பூர்வ ஜன்ம வினை என்கின்றான் ஜோசியன். தீட்டுப் பட்ட தோஷம் என்கின்றான் புரோகிதன். பரிகாரத்தில் பணம் கரைகின்றது, நோயோ வளர்கின்றது.

இந்த வினையும் தீட்டும் உடம்பின் எந்த மூலையில் இருக்கின்றன என்று கேட்கின்றோம். ஆராய்ச்சிக்காரர்கள் தேடிக் கண்டது வேறு. நம் இரத்தத்திலுள்ள காவல் அணுக்களைப் புற்றுநோய் கட்டிப்போட்டுவிடுகின்றது. அக்கட்டை அவிழ்க்கும் வழி கண்டதற்காக 2018-ல் அமெரிக்காவின் ஆலிசனுக்கும் ஜப்பானின் ஹோஞ்சோவுக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆனால் அவ்வழி வந்த மருந்து சிலருக்குக் கேட்கின்றது, பலருக்குக் கேட்பதில்லை. இதில் குடலில் வாழும் கிருமிகளுக்கும் பங்குண்டு என்று அதே ஆண்டில் பாரிஸ் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். மருந்து கேட்ட நுரையீரல் நோயாளிகளின் மலத்தில் அக்கர்மான்சியா என்னும் கிருமி அதிகம் காணப்பட்டது. சிகிச்சைக் காலத்தையொட்டி ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்குப் பலன் குறைந்திருந்தது.

2021-ல் அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும் இன்னும் ஒரு படி போனார்கள். தோலில் வரும் ஒருவகைப் புற்றுநோயில், மருந்து கேட்டவர்களின் மலத்திலிருந்த கிருமிகளை, கேட்காதவர்களின் குடலில் சேர்த்தார்கள். சிலருக்குக் கட்டி சுருங்கிற்று. நுரையீரல் புற்றுக்கு இம்முறை இன்னும் பரீட்சையில்தான் இருக்கின்றது.

மலமா என்று முகம் சுளிக்கும் வைதிகர்களே! பஞ்சகவ்வியம் என்று மாட்டுச் சாணத்தையும் மூத்திரத்தையும் குடித்துத் தீட்டுப் போக்கிக்கொள்பவர்கள் நீங்களல்லவா? மாட்டுச் சாணம் பவித்திரம், மனிதன் தொட்டால் தீட்டா? மலம் கொடுத்தவனின் இரத்தத்தை டாக்டர்கள் சோதித்தார்கள். குலத்தையும் கோத்திரத்தையும் யாராவது சோதித்தார்களா? உயர்ந்த சாதிக் குடலுக்கென்று தனிக் கிருமி உண்டா?

நிற்க, இதைக் காட்டியே 'நல்ல கிருமிச் சூரணம்' விற்க நாளை ஒருவன் வருவான். ஜோசியனை விட்டு அவனிடம் ஏமாறுவது பகுத்தறிவாகாது. சாதாரணச் சளிக்கெல்லாம் மருந்துக்கடையில் தாமாகவே ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள். டாக்டர் அவசியமென்று கொடுத்தால் மறுக்காதீர்கள். பீடியை விடுங்கள். இருமல் மூன்று வாரம் நீடித்தாலும், சளியில் இரத்தம் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பரிகாரத்துக்குக் கொடுக்கும் பணம் புரோகிதன் வயிற்றுக்குப் போகின்றது; இழக்கும் நாட்களோ நோயாளியின் ஆயுளிலிருந்து போகின்றன. எது நஷ்டம் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.