பெயர் எழுதாத படகுகள்

மதிப்பிற்குரிய கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

கடலைப் பார்க்காமலே பலர் வாழ்ந்து முடிக்கிற கம்பத்திலிருந்து எழுதுகிறேன். நான் சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. இரவு பன்னிரண்டிலிருந்து நாலு மணிவரை, கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜில், என் காவல்முறை, அதாவது வாட்ச்.

ஆக்மென்டட் ரியாலிட்டி திரைகள் கப்பல்களுக்கு வரத் தொடங்கிவிட்டன. 2018இல் வந்த ஜப்பானின் ‘பெலுகா ஏஸ்’ என்னும் கார் ஏற்றும் கப்பலிலேயே ஃபுருனோ நிறுவனத்தின் திரை இருந்தது. முன்னால் இருக்கும் கடலைக் கேமரா காட்டும்; ரேடாரும், கப்பல்கள் தம் பெயரையும் இடத்தையும் தாமே அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவியும் தரும் தகவல்கள் அந்தப் படத்தின் மேலேயே வந்து உட்காரும். எதிரே வரும் கப்பலின் பெயர், வேகம், திசை, நாம் போக வேண்டிய வழி எல்லாம் கண்ணெதிரே இருக்கும். சிங்கப்பூர் நீரிணையில் ராத்திரி நூறு விளக்குகளுக்கு நடுவே எந்த விளக்கு எந்தக் கப்பல் என்று குனிந்தும் நிமிர்ந்தும் களைத்தவனுக்கு இதன் அருமை தெரியும். இந்தக் கருவி நமக்கு வேண்டும்.

என் பயம் அந்தத் திரையில் பெயர் எழுதப்படாத படகுகளைப் பற்றியது. சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு ஏ.ஐ.எஸ். கட்டாயம். குளச்சல் வள்ளத்துக்கும் நாகப்பட்டினத்து ஃபைபர் படகுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. மரமும் ஃபைபரும் ரேடாரிலும் மங்கல்தான். அலை எழும்பினால் அந்தப் புள்ளியும் கரைந்துவிடும். பளிச்சென்று பெயர்கள் மின்னும் திரையைப் பார்த்துப் பழகிய கண், பெயரில்லாத இடத்தை வெறுங்கடல் என்று நம்பிவிடும். 2018 ஆகஸ்ட் 7 அன்று விடியுமுன், கேரளத்து முனம்பத்திலிருந்து போன ‘ஓஷியானிக்’ மீன்பிடிப் படகின் மீது ஒரு கப்பல் மோதியது. இறந்தவர்களில் குமரி மாவட்டத்து மீனவர்களும் உண்டு. நான் வாட்ச் நிற்பதும் அதே போன்ற இருட்டில்தான்.

வெளிச்சமே கண்ணை மறைக்கும் என்பதை அப்பாவிடம் கற்றேன். அவர் கம்பம்மெட்டு ரோட்டில் ஜீப் ஓட்டியவர். ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு விடிகாலையில் மலை ஏறுவார். மஞ்சு இறங்கிவிட்டால் முதலில் பாட்டை நிறுத்துவார், பிறகு ஹெட்லைட்டைத் தாழ்த்துவார். வெளிச்சத்தைக் கூட்டினால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். தலையை வெளியே நீட்டி, கொண்டை ஊசி வளைவில் ஹாரன் கேட்கிறதா என்று காது கொடுப்பார். 1972ஆம் ஆண்டின் கடல் மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவதும் கண்ணாலும் காதாலும், கூடவே கைவசம் உள்ள பொருத்தமான எல்லா வழிகளாலும் காவல் காக்கச் சொல்கிறது. கண்ணும் காதும்தான் அதில் முதலில் வருகின்றன.

ஆகவே என் வேண்டுகோள். இந்தத் திரைக்கு அனுமதி தருவதற்கு முன் நம் கரையோரத்தில், மீன்பிடிக் காலத்து ராத்திரியில் சோதிக்கச் செய்யுங்கள். எத்தனை படகுகளைத் திரை காட்டாமல் விட்டது என்று எண்ணச் சொல்லுங்கள். வாட்ச் நிற்பவர் ஒரே விசையில் எழுத்தையெல்லாம் அணைத்து வெறும் கடலைப் பார்க்க முடிய வேண்டும். பயிற்சியில் பாதி நேரமாவது திரை அணைந்தே இருக்கட்டும். மீன்பிடிப் படகுகளுக்கு மத்திய அரசின் திட்டத்தில் இலவசமாகத் தரப்பட்ட டிரான்ஸ்பாண்டர் கரையோடு பேசுகிறது. பக்கத்தில் வரும் கப்பலோடும் அது பேச வழிசெய்யுங்கள்.

சோதனைக்குப் போகும் கப்பலில் குளச்சல் மீனவர் ஒருவரையும் பிரிட்ஜில் நிறுத்துங்கள். திரை காட்டாத விளக்கை அவர் கை நீட்டிக் காட்டுவார்.

இப்படிக்கு,
கம்பத்திலிருந்து ஒரு கப்பல் அதிகாரி