வரைபடத்தில் இல்லாத இருக்கை



நீங்கள் கடைசியாக வடிவமைத்துக் கொடுத்த ஜவுளிக் கடையின் தளவரைபடத்தை எடுத்து மேசைமேல் விரித்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள இருக்கைகளை எண்ணுங்கள். பட்டுப் பிரிவில் வாடிக்கையாளருக்கு வரிசையாக ஸ்டூல்கள். முகூர்த்தப் புடவைப் பிரிவில் குடும்பத்தோடு வந்து உட்கார சோபா. டிரையல் ரூம் வாசலில் காத்திருப்பவருக்கு ஒரு பெஞ்சு. கல்லாவில் முதலாளிக்கு நாற்காலி. எண்ணி முடித்ததும், அந்தத் தளத்தில் விற்பனைக்கு நிற்கப்போகிறவர்கள் எத்தனை பேர் என்று ஓரமாக எழுதுங்கள். பிறகு அவர்களுடைய இருக்கை எங்கே என்று தேடுங்கள்.

என் பழைய வரைபடங்களில் தேடினேன். ஒன்றில்கூட இல்லை.

பல ஆண்டுகளுக்கு முன் மாவட்டத் தலைநகர் ஒன்றில் நான்கு மாடி ஜவுளிக் கடையை வடிவமைத்தேன். கடை திறந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு விளக்கு வரிசையைச் சரிபார்க்கப் போயிருந்தேன். இரவு எட்டரை மணி. சுடிதார் பிரிவில் ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலை ரேக்கின் கீழ்த்தட்டில் ஏற்றி வைத்து நின்றார். சற்று நேரத்தில் அதை இறக்கி மற்ற காலை ஏற்றினார். என்னைப் பார்த்ததும் பதறி இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டார். மேற்பார்வையாளர் என்று நினைத்திருப்பார். அந்தக் கீழ்த்தட்டைத் தரையிலிருந்து 150 மி.மீ. உயரத்தில் வைத்தது நான்தான். அடியில் துடைப்பம் போகட்டும் என்று வைத்தேன். அவ்வளவு பெரிய கடையில் அவர் உடம்புக்கு உதவிய ஒரே பொருள், அவரை நினைக்காமல் நான் செய்த பொருள். அந்த இரவிலிருந்து ‘விற்பவருக்கு இருக்கை எங்கே?’ என்ற கேள்வி என்னோடு இருக்கிறது. இந்த இதழில் அதை உங்கள் முன் வைக்கிறேன்.

கேள்வி புதிதல்ல. கடையில் வேலை செய்யும் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்று பிரிட்டனில் 1899-லேயே சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், நின்று வேலை செய்யும் தொழிலாளிக்கு வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி தர வேண்டும் என்று 44-ஆம் பிரிவில் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் அப்படியொரு பிரிவு இல்லை. ஆலையில் நின்றவருக்குக் காகிதத்திலாவது கிடைத்த நாற்காலி, கடையில் நின்றவருக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் கிடைக்கவில்லை.

அந்த நாற்காலியைக் கேட்டு வாங்கியவர்கள் கடைப் பெண்களே. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் வேலை செய்த பெண்கள், விஜி என்ற தையல் தொழிலாளி முன்னின்று நடத்திய ‘பெண்கூட்டு’ அமைப்பின் வழியாக முதலில் கேட்டது கழிப்பறை. அடுத்துக் கேட்டது இருக்கை. 2018-இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 22-ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வசதி கடையில் இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு வரும்போதெல்லாம் அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடிய வேண்டும். பிரிவின் சாரம் இதுதான்.

சட்டம் வந்த பிறகு நான் போன பல கடைகளில் பிளாஸ்டிக் ஸ்டூல்களைப் பார்த்தேன். சில நாள் கழித்து அதே கடைகளுக்குப் போனால் அவை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு தூணின் பின்னால் அடுக்கப்பட்டிருந்தன. முதலாளி உட்கார விடவில்லை என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடலாம். சில இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் அந்த ஸ்டூலில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். கவுண்டரின் உயரம் 900 மி.மீ., ஸ்டூலின் உயரம் 450. உட்கார்ந்தவரின் தலையும் தோளும்தான் வெளியே தெரிகின்றன. எதிரே நிற்கும் வாடிக்கையாளரை அவர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. கவுண்டரின் உள்பக்கம் விளிம்புவரை டிராயர் என்பதால் முழங்கால் இடிக்கிறது. கவுண்டருக்கும் பின்ரேக்குக்கும் நடுவே 750 மி.மீ. நடைபாதை, ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் கடக்க முடியாது. அந்த ஸ்டூல் தூணுக்குப் பின்னால் போனதில் முதலாளியின் பங்கு எவ்வளவோ, அதே அளவு பங்கு நாம் போட்ட அளவுகளுக்கும் உண்டு.

இதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் உட்காருவதைப் பற்றி நம் தொழிலுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு ஐ.டி. அலுவலகத்தைச் செய்யும்போது நாம் எப்படி வேலை செய்கிறோம்? நாற்காலியின் முதுகுத் தாங்கல், கைப்பிடியின் உயரம், திரையின் சாய்வு என்று ஒவ்வொன்றையும் பேசுகிறோம். 1994-இல் வந்த ஏரான் அலுவலக நாற்காலியைப் பற்றி மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறோம். அதே வாரம் தியாகராய நகரில் ஒரு ஷோரூமின் லேஅவுட் போடும்போது, எட்டு மணி நேரமும் அதற்கு மேலும் நிற்கப்போகிறவரை வரைபடத்தில் ஒரு புள்ளியாகக்கூட நாம் குறிப்பதில்லை. நீண்ட நேரம் நின்றால் காலில் ரத்தம் தேங்கும், பாதம் வீங்கும், ரத்தக்குழாய் சுருண்டு புடைக்கும், குதிகாலும் இடுப்பும் வலிக்கும். ஒருவர் உடம்பு வேலையிடத்தில் படும் பாட்டைக் குறைப்பது நம் தொழிலின் பாதி. அந்தப் பாதியைச் சம்பளம் குறைவான இடத்தில் நாம் விட்டுவிடுகிறோம்.

இத்தனைக்கும் நின்றுகொண்டு விற்பது நம் ஊர் வழக்கமே இல்லை. காஞ்சிபுரத்துப் பழைய பட்டுக் கடைகளை நினைத்துப் பாருங்கள். வெள்ளைத் துணி விரித்த மெத்தை, சாய்ந்துகொள்ளத் திண்டு, பக்கத்தில் கல்லாப்பெட்டி. விற்பவரும் வாங்குபவரும் ஒரே மட்டத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். புடவை இருவருக்கும் நடுவே விரிந்தது. கண்ணாடி ஷோகேஸும் கவுண்டரும் வந்தபோதுதான் விற்பவர் எழுந்து நின்றார். ‘வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்தால் மரியாதையாக இருக்காது’ என்று முதலாளி சொன்னால், அவருடைய தாத்தா கடையை நினைவூட்டுங்கள். நான் நினைவூட்டியிருக்கிறேன். கோபப்படாமல் கேட்டுக்கொண்டார்கள்.

நினைவூட்டினால் போதாது, கையில் அளவுகளோடு போக வேண்டும். நான் பட்டறிந்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில் பில்லிங் கவுண்டர். இங்கே நின்று செய்ய வேண்டிய வேலை ஒன்றுமே இல்லை. வேலை செய்யும் பலகையை 750 மி.மீ. உயரத்தில் வைத்து, வாடிக்கையாளர் பக்கம் மட்டும் 1,050 வரை ஒரு தட்டு உயர்த்துங்கள். பை வைக்கவும் கையெழுத்துப் போடவும் அது போதும். பில் போடுகிறவர் சாதாரண நாற்காலியிலேயே வேலை செய்யலாம்.

அடுத்தது 900 மி.மீ. கவுண்டர்கள். பலகைக்குக் கீழே 250 முதல் 300 மி.மீ. தள்ளி இருக்கை வர வேண்டும். அதாவது 600 முதல் 650. அந்த உயரத்தில் உட்கார்ந்தவரின் கண்மட்டம் எதிரே நிற்கும் வாடிக்கையாளரின் கண்மட்டத்துக்கு ஏறக்குறைய வந்துவிடும். மரியாதை பற்றிய பேச்சு அங்கேயே முடியும். ஆனால் அந்த இருக்கையில் கால் தரைக்கு எட்டாது. 200 மி.மீ. உயரத்தில் ஒரு கால்தாங்கிக் கம்பி கட்டாயம். முழங்காலுக்கு 600 மி.மீ. அகலமும் 400 ஆழமும் காலியாக விடுங்கள். நிற்கும் நேரத்துக்காக அடியில் 100 உயரம், 75 ஆழத்தில் பாத இடைவெளியும் வேண்டும். இத்தனைக்கும் ஒருவருக்கு ஒரு டிராயர் பெட்டியைத்தான் இழக்கிறோம்.

அளவெடுக்கும்போது யாருடைய உடம்பை அளக்கிறோம் என்பதையும் கவனியுங்கள். நம்மில் பலர் இன்னும் பனேரோவும் ஸெல்னிக்கும் 1979-இல் வெளியிட்ட அமெரிக்கக் கையேட்டிலிருந்தே அளவு எடுக்கிறோம். 450 மி.மீ. நாற்காலியில் நம் பெண்களில் பலருக்குப் பாதம் முழுதாகத் தரையில் பதியாது. தேப்குமார் சக்ரபர்த்தி தொகுத்த இந்திய உடலளவுகளை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-இல் வெளியிட்டது. அதை அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் வையுங்கள்.

மூன்றாவது, ஹேங்கர் ரேக் உள்ள தளங்கள். இங்கே கவுண்டர் இல்லை. ஊழியர் நடந்துகொண்டே இருப்பார். தூணின் ஒரு பக்கத்திலும், இரண்டு ரேக்குகளுக்கு நடுவே உள்ள சுவரிலும் மடக்கு இருக்கை பொருத்துங்கள். எழுந்ததும் தானாக மேலே மடங்கும்படி ஸ்பிரிங் வைத்தது நல்லது. மறந்துவிட்டுப் போனாலும் நடைபாதை அடைபடாது. 2017-இல் ஏழு மாடி ஜவுளிக் கடை ஒன்று தீப்பிடித்து எரிந்ததைப் பார்த்தது தியாகராய நகர். வெளியேறும் வழியில் ஒரு ஸ்டூல்கூடக் கிடக்கக் கூடாது என்று தீயணைப்புத் துறை சொன்னால் அது நியாயம். இருக்கையைப் பிறகு வாங்கிப் போடும் பொருளாக விடாமல், மரவேலையோடு சேர்த்துச் செய்ய வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

நான்காவது, தரை. கான்கிரீட்டின்மேல் ஒட்டிய விட்ரிஃபைடு டைல் பார்க்க அழகு, நிற்பவருக்குக் கல். கவுண்டருக்குப் பின்னால் மட்டும் தரைமட்டத்தை 12 முதல் 15 மி.மீ. தாழ்த்தி, ரப்பர் விரிப்பைச் சமமாகப் பதித்துவிட்டால் கால் தடுக்காது. டைல் ஒட்டிய பிறகு இதைச் செய்ய முடியாது. டைல் மேஸ்திரிக்கு முதல் நாளே சொல்ல வேண்டிய சங்கதி. கூடவே, ரேக்குகளுக்கு அடியில் 150 மி.மீ. உயரத்தில் கால் வைக்க ஒரு கம்பி கொடுங்கள். ஒரு காலை மாற்றி மாற்றி ஏற்றி வைத்தால் இடுப்புக்குச் சுமை குறையும். அந்தச் சுடிதார் பிரிவுப் பெண் தானாகவே கண்டுபிடித்தது அதைத்தான்.

தளத்துக்குப் பின்னால் இருப்பதும் நம் வேலைதான். நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்கிறது 1947-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த ஒரு மணி நேரம் எங்கே கழியும் என்பதை வரைபடம்தான் சொல்ல வேண்டும். ஊழியர் சாப்பிடும் இடத்தை மொட்டை மாடித் தகரக் கொட்டகையிலும், கழிப்பறையை லிஃப்ட் போகாத தளத்திலும் வைத்துவிட்டால், ஓய்வு நேரத்தில் பாதி மாடிப்படியிலேயே போய்விடும். போய்வர நேரமில்லாத பெண் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார். அதனால் வரும் சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து எழுதுவது மருத்துவர். காரணத்தின் ஒரு பகுதி நம் வரைபடத்தில் இருக்கிறது.

செலவைப் பற்றி முதலாளி கேட்பார். கேட்க வேண்டியவர்தான். ஒரு மடக்கு இருக்கை விரிந்த நிலையில் பிடிக்கும் இடம் 300-க்கு 300 மி.மீ.; ஏறக்குறைய ஒரு சதுர அடி. 20,000 சதுர அடிக் கடையில் 100 பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தாலும் அரை சதவீதம். மடங்கிய நிலையில் அதுவும் இல்லை. முகப்பில் நாம் எழுப்பும் ஃபால்ஸ் சீலிங் வளைவு ஒன்றின் செலவை எடுத்து அருகில் வைத்துக் காட்டுங்கள். கணக்குத் தெரிந்த எந்த வியாபாரிக்கும் புரியும். உட்கார்ந்து எழுந்தவர் இரவு எட்டரை மணிக்கும் முகம் கோணாமல் பத்தாவது புடவையைப் பிரித்துக் காட்டுவார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்களிடம் கேட்பது மூன்றே காரியம். தளவரைபடத்தின் குறிவிளக்கத்தில் ‘ஊழியர் இருக்கை’ என்று தனியாக ஒரு குறி சேர்த்து, எண்ணிக்கையை ஊழியர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு எழுதுங்கள். பி.ஓ.க்யூ. எனும் அளவு-விலைப் பட்டியலில் அதைத் தனி வரியாகப் போடுங்கள். மரவேலையின் மொத்தத் தொகைக்குள் மறைந்திருந்தால் செலவு குறைக்கும்போது முதலில் அதுதான் வெட்டுப்படும். கடையை ஒப்படைத்து மூன்று மாதம் கழித்து, ஒரு மாலை முழுவதும் கவுண்டருக்குப் பின்னால் போய் நில்லுங்கள். பிறகு நீங்கள் செய்த இருக்கையில் உட்காருங்கள்.

எங்கள் பங்குக்கு நாங்களும் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். கடைகளின் வடிவமைப்பை இத்தனை நாள் முகப்பையும் விளக்கொளியையும் பார்த்தே தேர்ந்தெடுத்து வெளியிட்டுவந்தோம். அடுத்த இதழ் முதல் ஊழியர் இருக்கை, ஓய்விடம், கழிப்பறை மூன்றும் குறிக்கப்பட்ட தளவரைபடம் இல்லாத எந்தக் கடையையும் இந்த இதழ் வெளியிடாது. படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. உங்கள் வேலைகளை அனுப்புங்கள். இருக்கைகளை எண்ணிவிட்டுத்தான் படங்களைத் திறப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்