நிழல் எப்போது திரும்பும்?

வானொலியில் போக்குவரத்து நிலவரம் சொல்வதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. எந்த விரைவுச்சாலையில் நெரிசல், எந்தத் தடத்தில் விபத்து, எங்கே சாலைப்பணி. தீவு விரைவுச்சாலையில் சாங்கி நோக்கிச் செல்வோர், மத்திய விரைவுச்சாலையில் நகரை நோக்கிச் செல்வோர் என்று பிரித்துப் பிரித்துச் சொல்வோம். அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த அரை நிமிடத்தில் நடந்து போகிறவருக்கென்று ஒரு சொல்லும் இருக்காது. "தேக்கா சந்தையிலிருந்து கேகே மருத்துவமனைக்கு நடப்பவர்கள் கவனத்திற்கு, இன்று வழியில் நிழல் கிடையாது" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

ஆனால் நேயர்கள் அனுப்பும் குரல்பதிவுகளில் இதுதான் நிறைய வருகிறது. சாலைப்பணி பற்றி ஒரு கேள்வியைப் போட்டால் போதும். நடைபாதையை மூடிவிட்டார்கள், தள்ளுவண்டியோடு சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு தாய். பேருந்து நிறுத்தத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள், புது இடத்தில் வெயில் நேரே முகத்தில் அடிக்கிறது என்று ஓர் இளைஞர். பஃப்பலோ சாலையில் வசிக்கும் பாட்டி ஒருவர் அனுப்பிய பதிவு மட்டும் எனக்கு மறக்கவில்லை.

"ஏம்மா, மரத்தை வெட்டாதேன்னு நான் சொல்லல. ரோடு வேணும்தான். வேற கன்னு நடுவாங்கதான், அதுவும் தெரியும். அந்தக் கன்னு வளந்து நிழல் கொடுக்கறப்ப எனக்கு என்ன வயசும்மா இருக்கும்?"

அவருக்கு வயது 71. அவர் சொன்ன மரம் எது என்பது இருக்கட்டும். அந்தக் கேள்வியைத்தான் இந்த வாரம் உங்களோடு யோசிக்கலாம் என்று நினைத்தேன்.

சிங்கப்பூரில் மரத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் எண்ணிக்கையில் பேசுகிறோம். பத்து லட்சம் மரங்கள் நடும் இயக்கம் 2020இல் தொடங்கியது. எத்தனை நட்டோம் என்ற கணக்கு அவ்வப்போது வருகிறது. நல்ல இயக்கம், பள்ளிப் பிள்ளைகள் மண்ணைக் கிளறி நடுவதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் நிழலை எண்ணிக்கையால் அளக்க முடியாது. சாலையின் இரண்டு பக்கத்தையும் ஒரே குடையாக மூடும் தூங்குமூஞ்சி மரம் அந்த அகலத்துக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. அதை எடுத்துவிட்டு மூன்று கன்றுகள் நட்டால் ஏட்டில் இரண்டு மரம் லாபம். நடப்பவரின் தலைக்கு மேலே பெரிய ஓட்டை.

நம் லிட்டில் இந்தியா வாசலிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது: வடக்கு-தெற்கு வழித்தடம். உட்லண்ட்ஸ், செம்பவாங் பக்கமிருந்து நகரத்துக்கு 21.5 கிலோமீட்டர் நீளச் சாலை. 2008இல் விரைவுச்சாலையாக அறிவிக்கப்பட்டது. 2016இல் திட்டத்தை மாற்றி, பேருந்துகளுக்குத் தனித்தடமும் சைக்கிள் பாதையும் சேர்த்தார்கள். அந்த மாற்றம் வரவேற்க வேண்டியது. 2018 வாக்கில் வேலை தொடங்கியது. மேம்பாலப் பகுதி 2027இலும் சுரங்கப் பகுதி 2029இலும் முடியும் என்று நிலப் போக்குவரத்து ஆணையம் கூறியிருக்கிறது. இதற்காக ரோச்சோர் சென்டரின் வண்ணமயமான நான்கு அடுக்குமாடிகளும் போயின. கேகே மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த கம்போங் ஜாவா பூங்காவும் மூடப்பட்டது.

அறிவிப்பிலிருந்து நிறைவு வரை 21 ஆண்டுகள். அந்த ஆண்டில் கேகே மருத்துவமனையில் பிறந்த ஆண் பிள்ளை தேசிய சேவையையே முடித்துவிடுவான். அதன் பிறகு நடப்படும் கன்று பெரிய மரமாக இன்னும் எத்தனை ஆண்டு?

குறை சொல்வதற்கு முன் ஒரு பழைய கதை. 1822இல் ராஃபிள்ஸ் நகரத் திட்டத்துக்கான உத்தரவுகளை எழுதியபோது, ஒவ்வொரு கட்டடத்தின் முன்னாலும் தொடர்ச்சியான, கூரையிட்ட நடைவழி இருக்க வேண்டும் என்று விதித்தார். அதுதான் நாம் ஐந்தடி வழி என்று சொல்வது. டன்லப் ஸ்திரீட்டிலும் சிராங்கூன் சாலையிலும் கடை கடையாக ஏறி இறங்கி, பூக்கட்டும் இடத்தையும் காய்கறிக் கூடைகளையும் தாண்டி நடக்கிறோமே, அந்த வழிதான். நடப்பவருக்கு நிழல் தருவது கட்டடம் கட்டுகிறவரின் கடமை என்று இந்த ஊர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டது.

கடைவீடுகள் முடியும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. புக்கிட் தீமா சாலைப் பக்கமோ ரோச்சோர் கால்வாய்ப் பக்கமோ வந்துவிட்டால் ஐந்தடி வழி கிடையாது. அங்கே நம் கூரை மரம்தான். 

1963 ஜூன் 16ஆம் தேதி திரு லீ குவான் இயூ ஃபேரர் சர்க்கஸ் சந்திப்பில் ஒரு மெம்பாட் மரத்தை நட்டு மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். அந்த வட்டச் சந்திப்பு இன்று இல்லை. 1967இல் தோட்ட நகரம் என்ற கொள்கை வந்தது. அதே ஆண்டு பூங்கா, மரப் பிரிவு ஒன்றையும் உருவாக்கினார்கள். எந்தத் துறையின் கீழ் தெரியுமா? பொதுப்பணித் துறையின் கீழ். சாலை போட்டவர்களும் மரம் வைத்தவர்களும் ஒரே கூரையின்கீழ் வேலை பார்த்தார்கள். இன்று சாலைக்கு ஓர் அமைப்பு, மரத்துக்கு ஓர் அமைப்பு. வேலை பெருகும்போது அப்படித்தான் பிரியும். ஆனால் சாலைத் திட்டத்தின் கால அட்டவணையும் மரத்தின் கால அட்டவணையும் ஒரே மேசையில் இருந்த காலம் ஒன்று இருந்தது.

மரத்தைக் காக்க நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 2006இல் ஐந்து சாலைகளை மரபுடைமைச் சாலைகளாக அரசிதழில் அறிவித்தார்கள்: ஆர்கேடியா சாலை, லிம் சூ காங் சாலை, மண்டாய் சாலை, மவுண்ட் பிளசன்ட் சாலை, சவுத் புவன விஸ்தா சாலை. அழகான சாலைகள். காரில் போகும்போது பச்சைக் குகைக்குள் நுழைவதுபோல் இருக்கும். ஆனால் சந்தைப் பையோடு நடக்கும் பாட்டிமார் கூட்டம் அங்கே இருப்பதாகத் தெரியவில்லை. மூன்று குடும்பங்களில் ஏறத்தாழ ஒரு குடும்பத்திடம்தான் கார் இருக்கும் ஊரில், நிழல் யாருக்கு அதிகம் தேவை என்று கேட்கத் தோன்றுகிறது.

எல்லா மரத்தையும் வைத்திருக்க முடியாது என்பதும் உண்மை. 2017 பிப்ரவரியில் பூமலையில் 270 வயதுக்கு மேற்பட்ட தெம்புசு மரம் சாய்ந்து ஒரு பெண் உயிரிழந்தார். நோயுற்ற மரத்தை அகற்றினால் சண்டைக்குப் போவதில் நியாயமில்லை.

அதேபோல் வேலையிடத்தில் நிற்பவர்மீது எரிந்து விழுவதிலும் நியாயமில்லை. தூசி, சத்தம், மூடிய நடைபாதை என்று எல்லாக் கோபத்தையும் தடுப்புக்குப் பக்கத்தில் கொடி பிடித்து நிற்கும் ஊழியரிடம் கொட்டுகிறோம். அவர் பெரும்பாலும் நம் ஊர்க்காரர், புதுக்கோட்டையோ சிவகங்கையோ. 2025 ஜூலை 26ஆம் தேதி தஞ்சோங் காத்தோங் ரோடு சவுத்தில் சாலை உள்வாங்கி ஒரு கார் குழிக்குள் விழுந்தபோது, பக்கத்து வேலையிடத்திலிருந்து ஓடி வந்து கயிறு போட்டு அந்தப் பெண்ணை வெளியே தூக்கியவர்கள் ஏழு வெளிநாட்டு ஊழியர்கள். மரம் போன வெயில் அவர்களையும்தான் சுடுகிறது. வெயிலையும் ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கும் வெப்ப அளவு 32 பாகையைத் தொட்டால், கடின வேலை செய்வோருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு தர வேண்டும் என்று மனிதவள அமைச்சு 2023இல் விதித்தது. அந்தப் பத்து நிமிடத்தை எங்கே உட்கார்ந்து கழிப்பது? நிழலில்தான்.

புகையும் இந்தக் கணக்கில் வருகிறது. நகர மையத்துக்குள் வரும் கார்களுக்கு 1975லேயே கட்டணம் வைத்த ஊர் இது. 2025 முதல் புதிய டீசல் கார்களையும் டாக்சிகளையும் பதிவு செய்வதில்லை. 2040க்குள் எல்லா வாகனமும் தூய எரிசக்தியில் ஓட வேண்டும் என்பது இலக்கு. மரம் எல்லாப் புகையையும் விழுங்கிவிடாது. தூசியில் கொஞ்சத்தை இலைகள் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் நெரிசலில் நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில், நிழலில்லாத நிறுத்தத்தில், பத்து நிமிடம் நின்று பாருங்கள். வெயிலும் புகையும் சேர்ந்தால் இரண்டும் இரட்டிப்பாகத் தெரியும். நின்றிருக்கும் வண்டியின் இயந்திரத்தைத் தேவையின்றி ஓடவிடுவது இங்கே குற்றம். சாப்பாடு வாங்கப் போனவருக்காக இயந்திரத்தை அணைக்காமல் காத்திருக்கும் நம் வீட்டுக் காருக்கும் அந்தச் சட்டம் பொருந்தும்.

சரி, என்னதான் செய்யலாம்?

எனக்குத் தோன்றுவது எளிய யோசனை. பெரிய திட்டம் எதுவும் இங்கே திடீரென்று வருவதில்லை. வடக்கு-தெற்கு வழித்தடத்தில் அறிவிப்புக்கும் வேலை தொடக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ பத்து ஆண்டுகள் இருந்தன. கிராஸ் ஐலண்ட் ரயில் பாதை 2013இல் அறிவிக்கப்பட்டது. முதல் கட்டம் 2030இல்தான் திறக்கிறது. திட்டத்தை அறிவிக்கும் ஆண்டே, பக்கத்தில் தோண்டாத இடத்தில் மாற்று மரங்களை நட்டுவிட வேண்டும் என்று ஒரு வழக்கம் வந்தால் எப்படி இருக்கும்? பழைய மரம் விழும்போது புதிய மரத்துக்குப் பத்து வயது ஆகியிருக்கும். வீட்டில் பெண் பிறந்ததும் நகைச்சீட்டுப் போடும் நம் ஆட்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

அதுவரை, தடுப்பு போடும் இடத்தில் தற்காலிகக் கூரையாவது வேண்டும். எம்ஆர்டி நிலையங்களைச் சுற்றிக் கூரையிட்ட நடைபாதை போடும் திட்டத்தை 2013இல் அறிவித்து, 200 கிலோமீட்டர் போட்ட ஊருக்கு இது பெரிய வேலையே இல்லை.

தைப்பூசத்தன்று ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை வெறுங்காலில் நடந்தவர்களுக்குத் தெரியும். ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர். உச்சி வெயிலில் எந்த இடத்தில் தார் சுடும், எந்த இடத்தில் ஒரு மரத்தடி காலை ஆற்றும் என்று உள்ளங்கால் சொல்லிவிடும். அந்தச் சாலைகளின் நிழல் வரைபடம் நம் சமூகத்தின் பாதங்களில் இருக்கிறது. அதிகாரிகள் கலந்தாலோசிக்கும்போது அதைச் சொல்ல நாமும் போக வேண்டும்.

நம்மில் பலர் கைப்பேசியில் ஒன்சர்வீஸ் செயலி வைத்திருக்கிறோம். அடுத்த முறை வெட்டிய மரத்தையோ மூடிய நடைபாதையையோ படம் எடுத்து அனுப்பும்போது, "ஏன் வெட்டினீர்கள்?" என்று மட்டும் கேட்டால், அதற்கு ஒரு விளக்கம் வரும், அநேகமாக நியாயமான விளக்கமாகவும் இருக்கும். கூடவே இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்து அனுப்புங்கள். இந்த இடத்துக்கு நிழல் எந்த ஆண்டு திரும்பும்? அதுவரை இங்கே நடப்பவர்களுக்கு என்ன ஏற்பாடு?