கடற்கரைக்கு ஏற்ற வில்லுக்கத்தி

கருவி வாங்கப் புகுவோர் பெரும்பாலும் "எது உயர்ந்தது?" என்றே கடைக்காரரைக் கேட்கின்றனர். "இன்ன வேலைக்கு எது ஏற்றது?" என்று கேட்போர் மிகச் சிலரே. இவ்விரு கேள்விகளுக்கும் உள்ள வேற்றுமையை, வில்லுக்கத்தி என்று நம்மவர் வழங்கும் மடக்குக் கத்தியைக் கொண்டு இவ்வாரம் ஆராய்வோம்.

கற்பிட்டியிலிருந்து உடப்பு, சிலாபம் ஈறாகப் புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்திலே கத்தியின்றி நடைபெறும் தொழில் அரிது. கயிறு நறுக்கவும், சிக்குண்ட வலையை அறுக்கவும், கருவாட்டுக்கு மீன் கீறவும் அது வேண்டும். மத்திய கிழக்கிலோ இத்தாலியிலோ தொழில் பார்க்கும் மகன் விடுமுறைக்கு வருமுன், "அப்பா, நல்ல கத்தியொன்று வாங்கி வரட்டுமா?" என்று கேட்பானாயின், தந்தையார் என்ன விடை பகர்வது?

மடக்குக் கத்திகளுள் உலகப் புகழ் பெற்றது, அமெரிக்காவிலுள்ள பக் கம்பனியார் 1964ஆம் ஆண்டில் வெளியிட்ட 110ஆம் இலக்கக் கத்தியாகும். அக்குடும்பத்தின் முன்னோராகிய ஹொய்ட் பக் என்பார், கன்சாஸ் மாநிலத்தில் கொல்லுத் தொழில் பயின்ற காலத்தில், தேய்ந்த அரங்களைக் கொண்டு 1902ஆம் ஆண்டில் தம் முதற் கத்தியைச் செய்தார். 110ஆம் இலக்கக் கத்தியின் அலகு 3¾ அங்குலம். கைப்பிடி கருங்காலி மரம். அதன் இரு முனைகளிலும் பித்தளை. நிறை ஏறத்தாழ 200 கிராம்.

அதன் சிறப்பு முதுகுப் பூட்டில் உள்ளது. சாதாரண வில்லுக்கத்தியில் அலகை வில்லொன்றே தாங்கி நிற்கும். குத்தும்பொழுதோ திருகும்பொழுதோ அலகு பின்வாங்கி விரல்மேல் மடிந்துவிடக்கூடும். முதுகுப் பூட்டுக் கத்தியிலோ, கைப்பிடியின் முதுகில் அமைந்த நெம்புகோலின் பல், அலகின் அடியிலுள்ள வெட்டில் விழுந்து கவ்விக்கொள்ளும். அக்கோலை அழுத்தினாலன்றி அலகு மடியாது. இவ்வமைப்பு முன்னரே இருந்ததெனினும், அதை ஊரறியச் செய்தது இக்கத்தியே.

இப்பொழுது அதன் சீர்திருத்திய வகைகள் பல கடைக்கு வந்துள்ளன. கருங்காலிக்குப் பதிலாக நைலோன் பிடி. ஏறத்தாழ அரைப்பங்கு நிறை. பெருவிரலால் தள்ளித் திறப்பதற்கு அலகில் ஒரு குமிழ். சட்டைப்பையிற் செருக ஒரு கொளுவி. விலை கூடியவற்றில் 'எஸ்-30-வி' எனப்படும் உயர்ந்த உருக்கும் உண்டு. விலை மிக்கதே சிறந்தது என்று எண்ணி இதனைத் தெரிந்தெடுப்போர் பலர். நம் கரையோரத்தார் இவ்விடத்தில் சற்று நிதானித்தல் வேண்டும்.

எஸ்-30-வி உருக்கில் வனேடியம் கலந்துள்ளமையால் கூர் நெடுநாள் நிலைக்கும். ஆனால், மழுங்கிய பின் நம் வீட்டுத் தீட்டுக்கல்லில் அதை எளிதில் தீட்ட இயலாது. வைரத்துகள் பதித்த கல் வேண்டும். உப்பினால் ஏறும் கறளைத் தாங்குவதில், மலிவான பழைய '420 எச்.சி.' உருக்கைவிட அது மேம்பட்டதுமன்று. கறள் ஏறா உருக்கைக் காப்பது, குரோமியம் அதன் மேற்பரப்பில் உண்டாக்கும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகும். கடல்நீரிலுள்ள குளோரைட்டு அப்படலத்தை ஆங்காங்கே துளைத்துவிடும். எஸ்-30-வியில் காபன் மிகுதி. குரோமியத்தின் ஒரு பகுதி அக்காபனோடு சேர்ந்து கட்டுண்டு போதலால் காவலுக்கு எஞ்சுவது குறைகிறது. ஆகவே கூடுதற் பணம் கூருக்காகக் கொடுத்ததேயன்றி, உப்புக்காகக் கொடுத்ததன்று.

உப்பை வெல்ல வேண்டுமாயின், காபனிற் பெரும்பகுதியை நீக்கி நைதரசன் சேர்த்த உருக்கே தக்கது. 'எச்-1', 'எல்.சி. 200 என்' என்பன அவ்வினத்தைச் சேர்ந்தவை. ஸ்பைடர்கோ கம்பனியாரின் 'சோல்ட்' வரிசையில் இத்தகைய உருக்கினால் செய்த முதுகுப் பூட்டுக் கத்திகள் வந்துள்ளன. அலகிலுள்ள துளையிற் பெருவிரலை வைத்து ஒரு கையாலேயே திறக்கலாம். அவற்றுட் சில விரைவில் மழுங்குவதுண்டு. அடிக்கடி தீட்டினால் அக்குறை தீரும். நனைந்த கயிறு அறுப்பதே முதல் வேலையாயின் அரம்பப்பல் அலகும், மீன் கீறுவதாயின் நேர் அலகும் நன்று.

ஒரு கையால் திறப்பது ஆடம்பரம் என்று எண்ணற்க. வள்ளத்திலிருந்து கரைவலை விடும்பொழுது ஓடுகின்ற கயிறு காலிற் சுற்றுமாயின், கண்ணிமைக்கும் நேரத்தில் ஆளைக் கடலுக்குள் இழுத்துவிடும். ஒரு கை வள்ளத்தின் விளிம்பைப் பற்றியிருக்க, மற்றக் கையால் திறக்கமுடியாத கத்தி மடியில் இருந்தும் பயனில்லை. உண்மையில், அந்தக் கணத்துக்கு எந்த மடக்குக் கத்தியையும் நம்புதல் தகாது. மடங்காத உறைக்கத்தி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். வில்லுக்கத்தி அதற்குத் துணையே.

பூட்டுக்கும் ஒரு பகை உண்டு. மணலும் மீன் செதிலும் காய்ந்த உப்பும் அலகடி வெட்டிலே அடைந்துகொண்டால் பல் முழுவதும் இறங்காது. பூட்டியதுபோல் தோன்றும், அழுத்தும்பொழுது மடிந்து விரலைக் கொண்டுபோகும். ஆதலின் வேலை முடிந்ததும் கத்தியைத் திறந்தபடியே நன்னீரிற் கழுவி, ஈர்க்கினால் அவ்வெட்டைத் துப்புரவாக்கி, துடைத்து உலர்த்தி, தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி இடுதல் வேண்டும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகிப் பூட்டை இறுகச் செய்யும். நன்னீர் அருமையாகக் கிடைக்கும் தீவுகளில் வாடியடித்துத் தங்குவோர்க்கு உப்பைத் தாங்கும் உருக்கின் அருமை இதனால் விளங்கும்.

கொண்டுவரும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். கத்தியை விமானத்தில் கைப்பையில் வைக்கலாகாது. ஒப்படைக்கும் பெட்டியிலேயே வைத்தல் வேண்டும். பிரித்தானியாவில் வாழ்வோர், அலகு எவ்வளவு சிறியதாயினும் பூட்டுடைய கத்தியைத் தக்க காரணமின்றிப் பொதுவிடத்தில் வைத்திருத்தல் அங்கே குற்றமென்பதை மறவாதிருத்தல் நலம்.

முடிவாகக் கூறுமிடத்து, தோட்டத்துக்கும் வீட்டுக்கும் பித்தளையும் கருங்காலியும் பொருந்திய பழைய 110 இன்றும் போதும். பித்தளை களிம்பேறினால் புளியிட்டுத் துலக்கலாம். நாடோறும் கடலுக்குச் செல்பவருக்கோ நைதரசன் உருக்கும், நைலோன் பிடியும், ஒரு கைத் திறப்பும் உள்ளதே ஏற்றது. விலை கூடிய எஸ்-30-வி, கடலிலிருந்து விலகி நின்று நாள் முழுதும் அறுப்பு வேலை செய்பவருக்கு உரியது. "கத்தி கொண்டுவரவா?" என்று கேட்கும் மகனிடம் தந்தையார் விலையைப் பற்றிப் பேசுமுன், அது உப்புத் தண்ணீரில் எத்தனை நாள் கிடக்கும் என்பதைச் சொல்லி அனுப்புவாராக.