மன்னர் இல்லாத விழா

தமிழ் படித்தவர்களுக்குக் கலிங்கம் என்றதும் போர்தான் நினைவுக்கு வரும். செயங்கொண்டாரின் பரணி வரும். முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் வடக்கே போய் வென்ற கதை வரும். பள்ளிப் பாடத்தில் அதற்கும் முந்தைய போர் ஒன்று இருக்கிறது. பொ.ஆ.மு. 261 வாக்கில் அசோகர் நடத்தியது அது. ஆக, கலிங்கத்தை அடித்தவர்கள் வழியாகத்தான் வெளியுலகம் கலிங்கத்தை அறிந்திருக்கிறது. அந்த மண்ணின் மக்களோ தங்கள் பழமையைக் கொண்டாடும் நாளில் அசோகரையும் அழைப்பதில்லை, அவருக்குப் பின் அங்கே கொடிகட்டி ஆண்ட காரவேலரையும் அழைப்பதில்லை. பெயர் தெரியாத வணிகர்களை அழைக்கிறார்கள்.

கார்த்திகைப் பௌர்ணமி விடியலில், பழைய கலிங்கத்தின் பெரும்பகுதியான ஒடிசாவின் ஆற்றங்கரைகள், குளக்கரைகள், கடற்கரைகள் எல்லாவற்றிலும் இந்த அழைப்பு நடக்கிறது. நம் கார்த்திகை தீபத்துக்குப் பல ஆண்டுகளில் ஒரு பௌர்ணமி முந்தி வரும் நாள் இது. வாழைமட்டையிலோ நெட்டியிலோ காகிதத்திலோ செய்த சிறு படகில் ஒரு விளக்கு, வெற்றிலை, பாக்கு வைத்து, இருட்டு கலையும் முன் தண்ணீரில் விடுகிறார்கள். இதற்குப் போயித வந்தனம் என்று பெயர். போயிதம் என்பது அவர்களுடைய பழைய கடலோடி மரக்கலம். அதில் ஏறிப் போன வணிகர்கள்தான் சாதவர்கள். தண்ணீரில் தள்ளும்போது சொல்லும் சிறு பாட்டில் நான்கு மாதங்களின் பெயர்கள் முதல் எழுத்துகளாகச் சுருங்கி இருக்கின்றன என்பார்கள். கடல்வழிக்கு ஒரு காலக்கணக்கு உண்டு என்பதை மட்டும் குழந்தைகளின் வாய்ப்பாட்டு காப்பாற்றி வைத்திருக்கிறது.

அன்றே கட்டாக் நகரில் மகாநதிக் கரையில், பாராபாட்டிக் கோட்டைக்குப் பக்கத்தில் கடகடியா படித்துறையை ஒட்டிச் சந்தை தொடங்கும். பாலி ஜாத்ரா என்ற இந்தச் சந்தை ஒரு வாரத்துக்கும் மேல் நீளும். ஆயிரத்துக்கும் அதிகமான கடைகள். சம்பல்பூர் நெசவு, கட்டாக்கின் வெள்ளிக் கம்பி வேலைப்பாடு, வளையல், பாத்திரம், மரச்சாமான், ராட்டினம். தட்டை மூடும் அளவுக்கு விரிந்த துங்கா பூரி, நீர்த்த தயிரில் ஊறிய வடையின் மேல் காரமான உருளைக்கிழங்குக் குழம்பை ஊற்றித் தரும் தஹிபரா ஆலுதம். கார்த்திகை மாதம் முழுக்க, குறைந்தது அதன் கடைசி ஐந்து நாளாவது, மீனும் இறைச்சியும் தொடாமல் இருந்தவர்கள் பௌர்ணமிக்கு மறுநாள் விரதம் முறிப்பதற்கென்றே ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். சாடகாய் என்னும் அந்த நாளில் மீன்கடைகளிலும் கறிக்கடைகளிலும் நிற்கும் வரிசையைப் பார்த்தால், எந்த விரதமும் அதன் முடிவுக்காகத்தான் இருக்கப்படுகிறதோ என்று தோன்றும். பாலி என்பது பாலித் தீவா, அல்லது சந்தை கூடிய ஆற்று மணலா என்று ஊரில் பழைய வழக்கு ஒன்று உண்டு. சைதன்யர் அந்த மணலில் வந்து இறங்கியதன் நினைவுதான் ஜாத்ரா என்று வைணவர்கள் சொல்வார்கள். இரண்டு கூட்டமும் ஒரே பந்தலின் கீழ் நின்று ஒரே வடையைத் தின்பதால் வழக்கு முற்றியதில்லை.

ஏன் கார்த்திகை? வங்காள விரிகுடாவின் ஒடிசாக் கரைக்கு அக்டோபரும் நவம்பர் தொடக்கமும் புயல் காலம். 1999 அக்டோபர் 29 அன்று பாரதீப் அருகே கரைகடந்த பெரும்புயலில் பத்தாயிரம் பேரளவில் மாண்டார்கள். அந்த ஆபத்து தணியத் தொடங்கி, வடகிழக்குக் காற்று நிலைகொள்ளும் வேளையில் வருவது இந்தப் பௌர்ணமி. அந்தக் காற்றைப் பிடித்துக் கரையோரமாகத் தெற்கே இறங்கி, இலங்கையைத் தொட்டு, அங்கிருந்து நீரோட்டத்தின் துணையோடு சுமத்ரா, சாவகம், பாலி என்று போயிருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். திரும்புவது தென்மேற்குக் காற்றில். போக ஒரு பருவம், வர ஒரு பருவம்; நடுவில் காற்று மாறும்வரை அந்நிய மண்ணில் காத்திருப்பு. வீட்டில் இருப்பவர்களுக்கு அது செய்தியே இல்லாத பல மாதங்கள்.

அந்த மாதங்களில் வீட்டில் என்ன நடந்தது என்பதை ஒடிசாவின் பெண்கள் வேறொரு நோன்பில் சொல்லி வைத்திருக்கிறார்கள். நம் ஆவணி வாக்கில் வரும் பாத்ர மாத ஞாயிறுகளில் மணமாகாத பெண்கள் குதுருகுணி நோன்பு இருந்து மங்களா தேவிக்குக் குருணை அரிசி படைப்பார்கள். அதன் கதை தபோய் என்ற சாதவர் வீட்டுப் பெண்ணுடையது. ஏழு அண்ணன்களுக்கு ஒரே தங்கை, செல்லமாக வளர்ந்தவள். பெற்றோர் போய்விட, அண்ணன்கள் கப்பலேறிவிட, அண்ணிகள் அவளை ஆடு மேய்க்கக் காட்டுக்கு அனுப்புகிறார்கள். தவிடும் குருணையும்தான் சோறு. கடைசி அண்ணிக்கு மட்டும் மனசு இருக்கிறது. அண்ணன்கள் திரும்பிவந்து நடந்ததைத் தெரிந்துகொண்ட பிறகு, தங்கையே மற்ற அண்ணிகளின் மூக்கை அறுக்கிறாள். நம் ஊர்க் கதைப்பாட்டுகளைப் போலவே இரக்கமும் கொடூரமும் ஒன்றாகக் கலந்த கதை. இதில் எந்தத் துறைமுகத்தின் பெயரும் முக்கியமில்லை, ஏற்றிப்போன சரக்கு முக்கியமில்லை. போனவர்கள் இல்லாத வீட்டில் யாருக்கு அதிகாரம், யாருக்குப் பசி என்பதுதான் கதை. பௌர்ணமி விளக்கையும் இந்தக் குருணையையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் சாதவர் மரபு முழுமையாகும் என்பது என் எண்ணம். மேடைகளில் ஒலிப்பது முதல் பாதி மட்டும்.

அந்த மேடைகளில் ஒலிக்கும் பெருமைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. சில்கா ஏரியின் முகத்துவாரத்தில் இருக்கும் மாணிக்கபட்னா அகழாய்வில் கடல்கடந்த வணிகத்தின் பானை ஓடுகள் அடுக்கடுக்காகக் கிடைத்தன. பாலித் தீவின் வடகரையில் செம்பிரான் என்ற இடத்தில் 1980களின் இறுதியில் ஆர்டிகா என்ற பாலித் தொல்லியலாளர் தோண்டியபோது, உள்வட்டக் கோடுகள் இழைத்த இந்திய மட்கலங்கள் வெளிப்பட்டன. ஆனால் இங்கே கதை கொஞ்சம் அகலமாகிறது. அதே வகை மட்கலம்தான் 1945இல் வீலர் தோண்டிய அரிக்கமேட்டிலும் பேர்போனது. செம்பிரானில் கிடைத்த முத்திரையிட்ட இன்னொரு வகைக் கிண்ணத்துக்குத் தொல்லியலாளர்கள் வைத்திருக்கும் பெயரே அரிக்கமேட்டின் பெயர்தான். புவனேஸ்வரம் அருகே சிசுபால்கரிலும், அரிக்கமேட்டிலும், இலங்கையின் அனுராதபுரத்திலும், பாலியிலும் ஒரே மாதிரி தட்டில் யாரோ சாப்பிட்டிருக்கிறார்கள்.

11ஆம் நூற்றாண்டில் சாவகத்தை ஆண்ட ஐர்லங்காவின் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே வந்துபோன வெளிநாட்டு வணிகரைப் பட்டியலிடும்போது கலிங்கர், சிங்களர், திராவிடர், சம்பர், கெமர் என்று ஒன்றாக எழுதுகின்றன. சாவகத்து எழுத்தருக்கு இவர்கள் எல்லாம் ஒரே துறையில் இறங்கும் வரி கட்டுவோர். போதாததற்கு, கடலைக் கடந்தது இந்தியக் கப்பல்கள் மட்டுமல்ல. சாவகத்தின் போரோபுதூரில் செதுக்கியிருக்கும் பெரிய கப்பல்களுக்குப் பக்கவாட்டில் மிதவைக் கட்டைகள் உண்டு. அவை அந்தத் தீவுக்காரர்களின் கைவண்ணம். அந்தச் சிற்பத்தைப் பார்த்துக் கட்டிய கப்பல் 2003-04இல் சாவகத்திலிருந்து ஆப்பிரிக்காவின் கானா வரை போய்ச் சேர்ந்தது. நாம் போய் அவர்களுக்கு நாகரிகம் கொடுத்தோம் என்ற பேச்சு கட்டாக் மேடையிலும் கேட்கும், சென்னை மேடையிலும் கேட்கும். அவர்கள் ஓட்டிவந்த கப்பலில் நம் ஆள் ஏறிப் போயிருக்கும் சாத்தியத்தை இரண்டு மேடையும் பேசாது.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு வெட்கப்பட ஒரு காரணம் உண்டு. ஒடிசாவின் சாதவர்களுக்குப் பெயரும் இல்லை, சாசனமும் குறைவு. நம் வணிகர்களுக்கோ கல்லிலேயே ஆதாரம் இருக்கிறது. தாய்லாந்தின் தகுவாபாவில் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் பொறுப்பில் விட்டதைத் தமிழில் சொல்கிறது. சுமத்ராவின் பாரூஸில் 1088ஆம் ஆண்டுக் கல்லில் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர், வந்திறங்கும் கப்பல்கள் பொன்னாகக் கட்டவேண்டிய தொகையைத் தமிழிலேயே விதித்து வைத்திருக்கிறார்கள். இவ்வளவு இருந்தும் நாம் விழா எடுப்பது 1025இல் ஸ்ரீவிஜயத்தின் மேல் படை அனுப்பிய ராஜேந்திர சோழனுக்கு. 2025இல் கங்கைகொண்ட சோழபுரத்தில் அந்தப் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டு பிரதமர் வரை வந்து கொண்டாடப்பட்டது. படை போவதற்கு முன்பும் போய், படை திரும்பிய பிறகும் இருந்த ஐந்நூற்றுவருக்கு ஒரு அகல் விளக்கு ஏற்றும் வழக்கம் நம்மிடம் இல்லை. எதிர்க்கரையில் ஊரைக் கொளுத்தாமல் பண்டம் மாற்றியவனை நினைத்து ஒரு முழு மாநிலம் விடியலில் எழுந்திருப்பதை, அதனாலேயே நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் ஒடிசாவிலும் காற்று மாறிக்கொண்டிருக்கிறது. பிஜு பட்நாயக் 1947இல் தன் விமானத்தில் பறந்து இந்தோனேசிய விடுதலைத் தலைவர் சுதான் சியாஹ்ரிரை டச்சுக்காரர்களின் பிடிக்கு வெளியே கொண்டுவந்தவர். பின்னாளில் அவர் முதலமைச்சராக இருந்தபோது, 1992இல் பாய்மரப் படகு ஒன்று ஒடிசாவிலிருந்து பாலிக்கு அனுப்பப்பட்டது. அதிலிருந்து விழா அரசின் கைக்கு வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. 2022 நவம்பரில் ஜி20 மாநாட்டுக்காகப் பாலி சென்ற பிரதமர் மோடி, அங்குள்ள இந்தியர்களிடம் கட்டாக்கின் ஜாத்ராவை எடுத்துச் சொன்னார். அதே ஆண்டு பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி அரைமணி நேரச் சொச்சத்தில் 22,000க்கும் மேற்பட்ட காகிதப் படகுகள் செய்யவைத்துக் கின்னஸ் சாதனையும் ஆயிற்று. காகிதக் கப்பலை எண்ணத் தொடங்கும்போதே நினைவு அஞ்சலி போட்டியாக மாறிவிடுகிறது. கடலோடிப் பெருமை என்று ஒற்றைச் சரடாகப் பேசுகிறவர்கள் 1866ஐயும் பேசவேண்டும். அந்த ஆண்டின் பெரும்பஞ்சத்தில் ஒடிசாவின் மூன்றிலொரு பங்கு மக்கள், ஏறக்குறைய 10 லட்சம் பேர், செத்தார்கள். பிரிட்டிஷ் நிர்வாகம் தாமதமாக விழித்துக்கொண்டு அரிசி அனுப்பியபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. உருப்படியான துறைமுகமும் இல்லை, சாலையும் இல்லை. போயிதங்கள் புறப்பட்ட கரைக்கு நெல் மூட்டை ஏற்றிய கப்பல் ஒன்று ஒழுங்காக வந்து சேர முடியவில்லை. அந்த மரபு எப்போது, யாரால், எதனால் அறுந்தது என்பதை ஜாத்ராவின் ஏதாவது ஒரு பந்தலாவது சொல்லலாம்.

ஜாத்ரா கூடும் ஆற்றைப் பற்றிச் சுருக்கமாக. சத்தீஸ்கரில் பிறக்கும் மகாநதிக்கு ஹீராகுட்டில் 1957 முதல் அணை இருக்கிறது. அதற்கும் மேலே சத்தீஸ்கர் கட்டிய தடுப்பணைகளால் கோடை நீர் குறைந்துவிட்டது என்பது ஒடிசாவின் புகார். இதற்காக 2018இல் நடுவர் மன்றம் அமைக்கப்பட்டது. காவிரிக்காரர்களுக்கு இந்தக் கதை விளக்க வேண்டியதில்லை. கட்டாக்கிலோ ஆற்றோரத்தை மண் போட்டு மேடாக்கி எடுத்த நிலம் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்காகிப் போனது. மேல்மாநிலத்தைக் குறை சொல்லும் அதே கை கீழே கரையை நகர்த்துகிறது.

கடைசியாக, புறப்பாடு. ஒடிசா இன்றும் புறப்படும் மாநிலம்தான். பாரதீப் துறைமுகம் 2023-24இல் 14.5 கோடி டன் சரக்கு கையாண்டு நாட்டின் பெருந்துறைமுகங்களில் முதலிடம் பிடித்தது. போனதில் பெரும்பகுதி நிலக்கரியும் இரும்புத்தாதுவும். ஆட்களோ ரயிலில் போகிறார்கள். மகாநதிப் படுகையிலேயே இருக்கும் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகச் செங்கல் சூளைகளுக்குக் கிளம்புவது, புதுநெல் பண்டிகையான நுவாகாய் முடிந்து அக்டோபர் முதல் டிசம்பர் வரை. காண்டாபாஞ்சி ரயில் நிலையத்தில் ஏறுவார்கள். தெலங்கானா, ஆந்திரம், தமிழ்நாடு என்று பிரிவார்கள். மழைக்கு முன், மே ஜூனில் திரும்புவார்கள். சாதவர்களின் பருவக் கணக்குக்கு மிகக் கிட்டத்தில் இவர்களுடைய கணக்கும் ஓடுகிறது. வித்தியாசம் ஒன்றுதான்: சாதவர் முதலோடு போனார், இவர் முன்பணக் கடனோடு போகிறார். இந்த முன்பண முறைக்கு அங்கே தாதன் என்று பெயர். அதைக் கட்டுப்படுத்த ஒடிசா 1975இல் இயற்றிய சட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 1979இல் மத்திய அரசின் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் வந்தது. சட்டம் பிறந்த ஊரிலேயே பதிவில்லாமல் ரயிலேறுகிறவர்கள் ஏராளம்.

பிள்ளைகளைக் கூடவே சூளைக்கு இழுத்துப் போகாமல் ஊரிலேயே விட்டுப் போகட்டும் என்று ஒடிசா அரசு பருவகால விடுதிகளை நடத்துகிறது. தபோயின் கதையை அரசு இப்படி வேறு விதமாக எழுதப் பார்க்கிறது என்றும் சொல்லலாம், நல்ல முயற்சிதான். சூளைக்குப் போகிறவர்கள் கிளம்பி முடிப்பதற்குள் விடுதிகள் திறந்திருக்க வேண்டும், நிலையத்தில் பதிவு செய்ய ஆள் இருக்க வேண்டும். ஜாத்ராவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும், கார்த்திகைப் பௌர்ணமி வாரத்தில் காண்டாபாஞ்சியிலும் ஒரு பந்தல் போட. இந்தப் பக்கம் ரயில் வந்து நிற்கும் தமிழ்நாட்டு நிலையங்களில் ஒடியா தெரிந்த ஒருவரை உட்காரவைப்பது நம் தொழிலாளர் துறையின் வேலை.