செஞ்சிக்கு ஆலை வேண்டும், வயலும் வேண்டும்



1996ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அன்று நம் பிள்ளைகள் எங்கே நின்றார்கள்? பாஸ்போர்ட் அலுவலக வாசலில்! குறை சொல்லவில்லை, வளைகுடாப் பணம்தான் பல வீடுகளில் அடுப்பெரித்தது.

செஞ்சிப் பக்கமும் கார் உதிரிபாக ஆலை வரட்டும், கேட்போம். ஆனால் மேல்மாவை மறந்துவிடாதீர்கள். செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்கு விளைநிலம் தர மறுத்துப் போராடிய விவசாயிகள் மீது 2023ல் குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே திரும்பப் பெற்றார்கள். செஞ்சியில் நெல் விற்ற காசோடு நம் கடைப்படி ஏறுபவர் யார்? விவசாயிதானே! தரிசு நிலத்தில் வரட்டும் ஆலை.

ஜமாஅத் நிர்வாகிகளே! பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள். ஜும்ஆ முடிந்த கையோடு ஐ.டி.ஐ. விண்ணப்பங்களைப் பள்ளிவாசலிலேயே நிரப்பிக் கொடுங்கள்.